வெள்ளைக் கோட்டில் ஒரு துடிப்பு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதைச் சொல்லிக்கொள்வதில் ஒரு காலத்தில் எனக்குப் பெருமைகூட இருந்தது. ஐசியூவில் இருபது வருடம் குப்பை கொட்டிய பெண் டாக்டர் குரலை உயர்த்தாமல் காலம் தள்ள முடியாது என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிவேன். அந்தக் கோபம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று இப்போது சொல்லப் போகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஐசியூவில் பத்துப் படுக்கை. சக்கரம் வைத்த சின்ன ஸ்கேன் மெஷின் ஒன்று. அது என் செல்லப்பிள்ளை. எக்ஸ்ரே வண்டி மூன்றாம் மாடியிலிருந்து லிஃப்ட் பிடித்து வந்து சேர்வதற்குள் நோயாளி பாதி செத்துவிடுவார். அப்படியே வந்தாலும், மல்லாந்து படுத்திருப்பவருக்கு எடுக்கும் படத்தில் நெஞ்சுக்குள் கசிந்த காற்று பல நேரம் கண்ணில் படாது. ஸ்கேன் அப்படியில்லை. இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவில் அதன் கைமுனையை, அதாவது புரோப்பை, வைத்தால் திரையில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். நுரையீரலும் நெஞ்சுச் சுவரும் ஒட்டி உரசுகிற இடம் அது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் கோடு மினுமினுவென்று இப்படியும் அப்படியும் நழுவும். நடுவில் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிட்டால் நழுவாது, சும்மா கிடக்கும். "ரெண்டு நிமிஷம் குடுங்க" என்பேன், ஒன்றரை நிமிடத்தில் முடிவைச் சொல்வேன். பயிற்சி டாக்டர்கள் எனக்கு 'ரெண்டு நிமிஷம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். காதுபடவே சொல்வார்கள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

ஐந்தாம் படுக்கையில் ஒரு பெயிண்டர் இருந்தார். சுவருக்கு வண்ணமடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்தவர். தலையில் அடி, இடது பக்கம் இரண்டு விலா எலும்பு விரிசல். மயக்க மருந்தில் வைத்து வாய் வழியாக மூச்சுக்குழாய் போட்டு வென்டிலேட்டரில் விட்டிருந்தோம். அது மூன்றாம் நாள். அவர் மனைவி வாசல் பெஞ்சை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பார். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார், மூடினால் உட்காருவார்.

அந்தப் படுக்கையைப் பார்த்துக்கொண்ட நர்ஸுக்கு எங்கள் யூனிட்டில் 'ஸ்கேல்' என்று பெயர். எதைக் கேட்டாலும் நம்பரோடுதான் பதில் வரும். "ஜுரம் இருக்காம்மா?" என்றால் "லேசா இருக்கு" என்று சொல்ல மாட்டாள், "நூறு புள்ளி நாலு, ஒன்பதே காலுக்கு" என்பாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். அவளைச் சீண்டுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். ஐந்தாம் படுக்கை மானிட்டர் அலற ஆரம்பித்தது. ஆக்ஸிஜன் தொண்ணூறு, எண்பத்தாறு, எண்பத்திரண்டு என்று இறங்கிக்கொண்டே வந்தது. ஓடினேன். ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். வலது பக்கம் மூச்சு கேட்கிறது, இடது பக்கம் ஒன்றுமே இல்லை. புரோப்பை இடது நெஞ்சில் வைத்தேன். கோடு நழுவவில்லை. இடது விலா உடைந்தவர், இடது பக்கம் மூச்சு இல்லை, இடது பக்கக் கோடு நழுவவில்லை. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? பழக்க தோஷத்தில் பதிவு பட்டனை அழுத்திவிட்டு, "லெஃப்ட் லங் சுருங்கிடுச்சு. நெஞ்சு ட்யூப் செட் எடு, சீக்கிரம்!" என்று கத்தினேன்.

ஸ்கேல் நகரவில்லை. நோயாளியின் உதட்டோரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், வாய் ட்யூப் உதட்டுகிட்ட இருபத்தேழு சென்டிமீட்டர்ல இருக்கு. காலையில இருபத்துமூணு. இப்பதான் திருப்பிப் படுக்க வெச்சு டேப் மாத்தினோம். என் கையிலதான் நழுவி உள்ள போயிருக்கணும்."

அவள் சொன்னதன் பொருள் எனக்குத் தெரியாதா? வாயில் போட்ட குழாய் நாலு சென்டிமீட்டர் உள்ளே இறங்கினால் வலது நுரையீரலுக்கான கிளைக்குள் போய்விடும். காற்றெல்லாம் வலது பக்கமே போகும். இடது நுரையீரலுக்குக் காற்று போகாது, மூச்சும் கேட்காது, கோடும் நழுவாது. கசிவு ஒன்றும் இருக்காது. குழாயை நாலு சென்டிமீட்டர் வெளியே இழுத்தால் வேலை முடிந்தது. அதற்கு அடையாளமும் உண்டு. நுரையீரல் நெஞ்சுச் சுவரை ஒட்டியே இருப்பதால் இதயம் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த வெள்ளைக் கோடு லேசாகத் துடிக்கும். நடுவில் காற்று இருந்தால் அந்தத் துடிப்பு வரவே வராது. துடிப்பைப் பார்த்தால் கத்தியைத் தொடாதே என்று பத்து வருடமாக வகுப்பெடுக்கிறவள் நான்.

பார்த்தேனா? இல்லை. ரெண்டு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. அத்தனை பயிற்சி டாக்டர்கள் சுற்றி நிற்கும்போது ஒரு நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுப்பதா என்று சுருக்கென்று ஏறியது.

"ஸ்கேன் நான் பார்த்தேனா நீ பார்த்தியா? வாயை மூடிட்டுத் தள்ளி நில்லு! உன்னாலதான் இந்தாளு சாகப் போறாரு!"

அப்படித்தான் சொன்னேன். கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கதவு வேறு திறந்திருந்தது.

அக்குளுக்குக் கீழே கீறினேன், கிளாம்ப் இடுக்கியை உள்ளே விட்டேன். உள்ளே சிக்கிய காற்று புஸ்ஸென்று வர வேண்டும். வரவில்லை. விரலை விட்டால் நுரையீரல் அங்கேயே, சுவரை ஒட்டியபடியே இருந்தது. கிளாம்பின் முனை அதைக் கிழித்திருந்தது. விரலோடு ரத்தம் வந்தது. வேறு வழி தெரியாமல் நெஞ்சுக்குழாயைச் சொருகினேன். அந்த நேரத்தில் தலைமாட்டில் ஸ்கேல், "இருபத்துமூணுக்கு இழுக்கறேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் வாய்க்குழாயைப் பின்னுக்கு இழுத்து டேப் போட்டாள். எண்பது, எண்பத்தெட்டு, தொண்ணூற்றாறு. ஆக்ஸிஜன் மடமடவென்று ஏறியது.

சுற்றி நின்றவர்கள் என் கையைத்தான் பார்த்தார்கள். நெஞ்சுக்குழாய் பாட்டிலில் குமிழி வர ஆரம்பித்ததும் ஒரு பையன், "செம மேடம்!" என்றான். அந்தக் குமிழி நான் கிழித்த இடத்திலிருந்து வருகிற காற்று. நான் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்தேன். பெயிண்டரின் மனைவி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"டாக்டரம்மா, எல்லாம் கேட்டுது எனக்கு. நீங்க மட்டும் இல்லைன்னா அந்தப் பொண்ணு என் வீட்டுக்காரரைக் கொன்னே போட்டிருப்பா, இல்லையா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். அந்தப் பெண்தான் காப்பாற்றினாள் என்று சொல்லக்கூட வேண்டாம். வெறும் 'இல்லை'. நான் சொன்னது, "இப்ப சரியாயிடுச்சும்மா. கவலைப்படாதீங்க."

"இனிமே அவ அவரு பக்கத்துல வரவே கூடாது டாக்டரம்மா. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"சரி, பாத்துக்கறேன்" என்றேன். பாத்துக்கொள்ளவும் செய்தேன். அன்று மதியமே ஸ்கேலை ஒன்பதாம் படுக்கைக்கு மாற்றினேன். காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. "சரி டாக்டர்" என்று பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை என்றிருக்கும்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பதிவைப் போட்டுப் பார்த்தேன். கோடு நழுவவில்லை, உண்மைதான். ஆனால் துடித்தது. இதயத்தோடு சேர்ந்து, டுப், டுப், டுப் என்று, ஆறு நொடிப் பதிவில் எட்டுத் தடவை. குருடிக்குக்கூடத் தெரியும். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. சாகவில்லை. மெஷினை அணைத்துவிட்டுப் போய்க் கைகழுவி, கொண்டுவந்த சோற்றைத் தின்றேன்.

வீட்டில் என் கணவர், "என்ன, இன்னிக்கு யார் மேல எகிறினே?" என்று வழக்கம்போலக் கேட்டார். தினமும் கேட்பார், நானும் தினமும் கதைகதையாகச் சொல்வேன். அன்று, "என்னைப் பாத்தா எல்லார் மேலயும் விழுந்து பிடுங்கறவ மாதிரி இருக்கா?" என்று அவர்மேலேயே எகிறினேன். என் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமா" என்றாள்.

ஐந்தாம் நாள் பெயிண்டருக்கு வாய்க்குழாய் எடுத்தோம். கட்டைத் தொண்டையில் முதல் வார்த்தையாகத் தண்ணீர் கேட்டார். தலைக்காயம் தேறிவிட்டது, வார்டுக்கே போயிருக்கலாம். ஆனால் நெஞ்சுக்குழாயை எடுக்க முடியவில்லை. பாட்டிலில் குமிழி நிற்கவே இல்லை. இருமும்போதெல்லாம் அக்குளைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிப்பார். அவர் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார். போனில் தன் தங்கையிடம், "அந்த டாக்டரம்மா தெய்வம்டி" என்று என் எதிரிலேயே சொன்னார். காலை ஷிஃப்டுக்கு வரும்போது ஸ்கேல் ஐந்தாம் படுக்கையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருநாள் விடாமல் கால்மாட்டில் நின்று, "அண்ணன் எப்படி இருக்கார்க்கா?" என்று கேட்பாள். அந்த அம்மா முகத்தை வெடுக்கென்று சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஸ்கேல் ஒரு நொடி நின்றுவிட்டுப் போவாள். இதை நான் ஐந்து நாள் என் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பேப்பரைப் புரட்டுகிற மாதிரி.

அதே வாரம் எங்கள் துறைத் தலைவர் கூப்பிட்டு, "ஐந்தாம் படுக்கை கேஸ் பதிவு இருக்கில்ல? புதுசா வந்த ஆறு பேருக்கும் போட்டுக் காட்டுங்க. நுரையீரல் சுருங்கினா எப்படி இருக்கும்னு பார்க்கட்டும்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரி சார்" என்றேன். இந்த வாய் வேண்டாத இடத்தில்தான் கத்தும்.

கலந்தாய்வு அறையில் பெரிய திரை. ஆறு பேர் முன்வரிசையில். ஆர்வமுள்ள நர்ஸ்களும் வரலாம் என்று யாரோ அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கடைசி வரிசையில் ஸ்கேல் வந்து உட்கார்ந்தாள். பதிவை ஓட்டினேன். "பாருங்க, கோடு நழுவலை. இதுதான்" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது அவளுக்கு.

"மேடம், அந்தக் கோடு துடிக்கிற மாதிரி தெரியுதே?"

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். டுப், டுப், டுப்.

"பேஷன்டுக்கு அப்ப நடுக்கம் இருந்தது" என்றேன். "அதெல்லாம் கண்டுக்காதீங்க. கோடு நழுவலைன்னா ட்யூப் போடுங்க, அவ்வளவுதான்."

அந்தப் பெண் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். அடிக்கோடும் போட்டாள்.

வகுப்பு கலைந்தது. ஸ்கேல் மட்டும் இருந்தாள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அது அவள் வேலையே இல்லை. எனக்கு எதையாவது பேசியாக வேண்டும் போல இருந்தது. கேட்டேன் பாருங்கள் ஒரு கேள்வி!

"நீ ஏன் எதுவும் சொல்லலை?"

அவள் நாற்காலியைக் கீழே வைத்தாள். "சொன்னேனே டாக்டர். அன்னிக்கே சொன்னேன்."

முகத்தில் அறைந்தாற்போல இருந்தது.

"என்னை ஒன்பதாம் படுக்கைக்கு மாத்தினதெல்லாம் பரவாயில்லை. ட்யூப் என் கையில நழுவினது நிஜம். அதை அப்பவே சார்ட்ல எழுதிட்டேன். ஆனா அந்தப் புதுப் பொண்ணு சரியாத்தானே பார்த்தா? அவ கண்ணு நல்ல கண்ணு. நீங்க அதைக் கெடுத்து அனுப்பிட்டீங்க. திங்கக்கிழமையிலேர்ந்து அவ தனியா டூட்டி பாக்கப் போறா டாக்டர். துடிப்பைப் பார்ப்பா, நடுக்கம்னு நினைச்சுக் கத்தியை எடுப்பா." அவள் கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். "அவ கத்தி வைக்கிற ஆளுக்கும் வெளியில யாராவது உக்காந்திருப்பாங்க இல்ல?"

அவள் கதவு வரை போய்த் திரும்பி, "ஆறு பேரும் கேண்டீன்லதான் இருக்காங்க" என்றாள். மணி பன்னிரண்டரை என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

கேண்டீனுக்குப் போனேன். வகுப்புக்குத் திரும்ப வரச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சாப்பாட்டு மேஜையிலேயே, அவர்கள் கையும் வாயுமாக இருக்கும்போதே சொன்னேன். நான் காட்டியது சுருங்கிய நுரையீரல் இல்லை, வாய்க்குழாய் உள்ளே இறங்கியது. துடிப்பு துடிப்புதான், நடுக்கம் இல்லை. அந்த மனிதரின் நுரையீரலைக் கிழித்தது நான். அவரைக் காப்பாற்றியது நர்ஸ். வகுப்பில் நான் சொன்னது பொய். ஒருத்தரும் சாப்பிடவில்லை. புதுப் பெண் நோட்டைத் திறந்து அடிக்கோடிட்ட வரியை அடித்தாள், ஒரு தடவை இல்லை, தாள் கிழிகிற வரைக்கும். மற்றவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டார்கள். அங்கிருந்து நேரே தலைவர் அறைக்குப் போய் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விசாரணை இருக்கும் என்றார். இருக்கட்டும் என்றேன்.

அதெல்லாம் பெரிதில்லை. ஐந்தாம் படுக்கைக்கு நடந்துபோன அந்த முப்பது அடிதான் பெரிது.

பெயிண்டர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கிண்ணத்தோடு எழுந்தார். "உக்காருங்கம்மா" என்றேன். அவர் உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. பாட்டில் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. சொன்னேன். டாக்டர் பாஷையில் பூசி மெழுகாமல், அன்று எது நடந்ததோ அதை அப்படியே சொன்னேன். அந்த நர்ஸ் சரியாகச் சொன்னாள், நான் கேட்கவில்லை, கத்தினேன், கிழித்தேன். குழாயை இழுத்து உயிரைத் திருப்பிக் கொடுத்தது அவள்தான். இந்த வலி என்னால் வந்தது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

பெயிண்டர் தன் அக்குள் கட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அதான் இப்ப பொழைச்சுட்டேனே" என்றார் கரகரத்த குரலில். மனைவி வாயெடுப்பதைப் பார்த்து அவர் பக்கம் திரும்பினார். "டாக்டரும் மனுஷங்கதானே. விடு, பேசாத."

"நீங்க சும்மா இருங்க" என்றார் மனைவி. கிண்ணத்தை மேஜையில் வைத்தார். அவர் கத்தப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன், எனக்குத் தெரிந்த பாஷை அதுதானே. அவர் கத்தவில்லை.

"அன்னிக்கு உங்க கையைப் பிடிச்சுட்டு அழுதேனே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தப் பொண்ணு கொன்னே போட்டிருப்பா இல்லையான்னு கேட்டேனே, அப்பவும்?"

"தெரியும்மா."

அவர் முகம் மெல்ல மெல்லச் சிவந்து வந்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். எனக்குப் பழக்கமான சிவப்பு அது இல்லை.

"தினம் காலையில வந்து 'அண்ணன் எப்படி இருக்கார்க்கா'ன்னு கேட்டுது. அஞ்சு நாள். ஒருநாள்கூட நான் பதில் சொல்லலை. என் தங்கச்சிகிட்ட, பக்கத்துப் படுக்கைக்காரங்ககிட்ட, எல்லார்கிட்டயும் அந்தப் பொண்ணைக் கொலைகாரின்னு சொன்னேன். அவ காதுல விழுற மாதிரியே சொன்னேன்." என் முகத்தை நேராகப் பார்த்தார். "தப்புப் பண்ணினது நீங்க. வெட்கத்தை எதுக்கு டாக்டர் என்கிட்ட குடுத்தீங்க?"

நான் பாட்டில் குமிழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்பதாம் படுக்கை எந்தப் பக்கம் என்று கேட்டார். கையைக் காட்டினேன். "வாங்க, நானும்..." என்று ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"வேணாம்" என்றார். "நீங்க வந்தா அந்தப் பொண்ணு உங்களுக்காக என்னை மன்னிச்சிடும். நான் தனியாப் போய்க் கேட்டுக்கறேன்."

அவர் போனார். பெயிண்டர் கஞ்சிக் கிண்ணத்தை எட்ட முயன்று வலியில் நிறுத்தினார். நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.